கோட்டை இல்லாத கோட்டை

கொழும்பு கோட்டைப் புகையிரத நிலையத்தில் முதன்முறையாக வந்திறங்கும் ஒருவர், கோட்டை எங்கே இருக்கிறது என்று கேட்டால் அவருக்கு விடை சொல்வது சிரமம். அந்தப் புகையிரத நிலையமே கோட்டைக்குள் இல்லை, புறக்கோட்டையில்தான் இருக்கிறது. கோட்டைக்குப் போகலாம் என்று மேற்குப் பக்கமாக நடந்தால் அங்கே வங்கிகளும் விடுதிகளும் அரச காரியாலயங்களும் இருக்கின்றனவேயன்றி, மதில் எதுவும் கண்ணுக்குத் தென்படாது. 1869 தொடக்கம் 1871 வரையான காலப்பகுதியில் ஆங்கிலேய ஆட்சியாளர்கள் அந்த மதில்களை இடித்துத் தள்ளிவிட்டனர். ஒரு வங்கித் தலைமையகத்தின் வளவுக்குள் ஒல்லாந்தர் காலத்து டெல்ப்ற் வாயில், துறைமுகத்தினுள் ஒரு கொத்தளம், கடற்படைத் தளத்தினுள் சில சுவர்த் துண்டுகள் என்று எஞ்சியிருப்பவை சொற்பம். ஆயினும் ஒன்றரை நூற்றாண்டு கடந்த பின்னரும் சிங்களவருக்கு அது கொட்டுவ, தமிழருக்குக் கோட்டை, ஆங்கிலம் பேசுவோருக்கு ஃபோர்ட்.

கொழும்பைப் பற்றி எழுதப் புகும் எவரும் இத்தகைய பெயர்களிலிருந்தே தொடங்கவேண்டியிருக்கிறது. கட்டடங்களைக் காட்டிலும் பெயர்களே இந்நகரில் நீடித்து நிலைத்திருக்கின்றன. மூன்று தசாப்தங்களுக்கு மேலாக இந்நகரின் தெருக்களில் செய்தி தேடி அலைந்தவன் என்ற முறையில், இதன் கடந்த காலத்தை நூல்களில் படித்ததற்குச் சமமாகத் தெருப் பெயர்ப் பலகைகளிலும் படித்திருக்கிறேன் என்று சொல்லத் துணிவேன்.

'கொழும்பு' என்ற பெயரின் மூலம் குறித்தே கருத்து வேறுபாடு உண்டு. கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்து தப்பிய ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், 1681 இல் வெளியான தமது நூலில், காய்க்காமல் இலை மட்டுமே விட்டிருந்த ஒரு மாமரத்தினால் இப்பெயர் வந்தது என்று எழுதிவைத்தார். சிங்களத்தில் கொல என்றால் இலை; அம்ப என்றால் மா. களனி ஆற்றங்கரைத் துறையே கொலொன் தொட்ட என்று வழங்கிப் பின்னர் கொழும்பாயிற்று என்பது வேறு சிலரின் கருத்து. எப்படியிருப்பினும், ஐரோப்பியர் வருவதற்கு நெடுங்காலம் முன்னரே இது பெயர்பெற்ற துறைமுகம். 1344 அளவில் இங்கு வந்த மொறோக்கோ நாட்டுப் பயணி இபுனு பதூதா, இத்தீவின் பெரிய, அழகிய நகரங்களுள் ஒன்று என்று இதனைக் குறிப்பிட்டார். அப்போது நகரை ஆண்டவன் ஜாலஸ்தி என்பவன். அவனிடம் ஐந்நூறு அபிசீனியப் படைவீரர்கள் இருந்தனர். ஆக, எழுத்தில் அறியப்பட்ட கொழும்பின் முதல் ஆட்சியாளர்களுள் ஒருவனே கடல்வழி வந்தவர்களைத் துணையாகக் கொண்டிருந்தவன்!

அதே 14 ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியின் கையும் இக்கரைவரை நீண்டிருந்தது. கொழும்பு, வத்தளை, நீர்கொழும்பு, சிலாபம் ஆகிய இடங்களில் அவனுடைய பாளையங்கள் இருந்ததாகச் சிங்கள வரலாற்று நூலான ராஜாவலிய கூறுகிறது. அவனுடைய படைகளைத் தடுப்பதற்கென்றே அழகக்கோனார் என்ற அமைச்சர், கொழும்பிலிருந்து சுமார் பத்துக் கிலோமீற்றர் தொலைவில், சதுப்பு நிலங்களுக்கு நடுவே ஓர் அரணைக் கட்டினார். அதுவே கோட்டே. அடுத்த நூற்றாண்டில் ஆறாம் பராக்கிரமபாகு அங்கு அரியணை ஏறியபோது அது தலைநகரமாயிற்று. அவன் காலத்தில் செண்பகப்பெருமாள் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினான். பின்னர் அவனே கோட்டேயில் புவனேகபாகு என்ற பெயருடன் முடிசூடினான். நல்லூர்க் கந்தசுவாமி கோயிற் கட்டியத்தில் இன்றும் ஒலிக்கும் புவனேகபாகு என்ற பெயர் இவனையே சுட்டுகிறது என்பது பலரது கருத்து. வடக்கும் தெற்கும் ஒன்றுக்கொன்று முற்றிலும் அந்நியமாக இருந்தன என்று மேடைகளில் முழங்குவோர், இருபுறத்திலும், இந்தப் பக்கங்களைப் புரட்டுவதில்லை.

போர்த்துக்கேயர் 1505 இல் வந்தபோது கொழும்பு வெறும் துறைமுகம். அரசன் இருந்தது கோட்டேயில். வந்தவர்களின் தூதுவனை அரசனிடம் அழைத்துச் சென்றவர்கள், தலைநகர் எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதை மறைப்பதற்காக, காடுமேடெல்லாம் சுற்றி மூன்று நாள் நடத்தினார்களாம். கப்பலில் இருந்தவர்கள் அவ்வப்போது பீரங்கியை முழக்கிக்கொண்டிருந்தபடியால், தாம் ஓரிடத்தையே சுற்றிச் சுற்றி வருகிறோம் என்பது தூதுவனுக்குத் தெரிந்துவிட்டது. சுற்றிவளைத்துப் பேசுபவரையும் சுற்றிவளைத்துப் போகிறவரையும் பார்த்து, 'பரங்கி கோட்டேக்குப் போனதுபோல' என்று சிங்கள மக்கள் இன்றும் சொல்கிறார்கள்.

அந்தச் சுற்றலால் பயன் விளையவில்லை. 1518 இல் போர்த்துக்கேயர் கொழும்பில் முதற் கோட்டையை எழுப்பினர். உள்ளூர் எதிர்ப்பின் காரணமாகச் சில ஆண்டுகளில் அதைக் கைவிட்டு, நூற்றாண்டின் நடுப்பகுதியில் மீண்டும் கட்டினர். 1565 இல், சீதாவாக்கை அரசின் தாக்குதல்களைத் தாங்க முடியாமல், கோட்டேயைக் கைவிட்டுத் தமது பொம்மை அரசனான தர்மபாலனைக் கொழும்புக்குக் கூட்டிவந்தார்கள். கொழும்பு முதன்முதலாக ஓர் அரசனின் இருப்பிடமானது அப்படித்தான். தன்னுடைய இராச்சியத்தை இழந்து, அந்நியரின் பீரங்கிகளின் நிழலில் ஒதுங்கிய ஓர் அரசனின் அடைக்கலமாக அது தலைநகரத் தகுதியைப் பெற்றது. தர்மபாலன் தன் இராச்சியத்தைப் போர்த்துக்கல் மன்னனுக்கு உயில் எழுதிக் கொடுத்துவிட்டு 1597 இல் இறந்தான்.

ஒல்லாந்தர் 1655 இல் இக்கோட்டையை முற்றுகையிட்டபோது கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கன் அவர்களுக்குத் துணை நின்றான். முற்றுகை பல மாதங்கள் நீடித்தது. உள்ளே பஞ்சமும் நோயும் தலைவிரித்தாடின. 1656 ஏப்ரலில் ஒல்லாந்தத் தளபதி ஜெரார்ட் ஹல்ஃப்ற் குண்டடிபட்டு இறந்தார். அவர் பாளையம் அமைத்திருந்த மேடே ஹல்ஸ்டோர்ப் என்று ஆங்கிலத்தில் இன்றும் வழங்குகிறது. தமிழில் நாம் அதைப் புதுக்கடை என்கிறோம். நாட்டின் உயர் நீதிமன்றம் உட்பட நீதிமன்றங்கள் பல அங்கேதான் இருக்கின்றன. கைப்பற்ற வந்து மாண்ட ஒரு தளபதியின் பெயர் நீதியின் முகவரியாகிவிட்டது.

அவ்வாண்டு மே 12 ஆம் திகதி போர்த்துக்கேயர் சரணடைந்தனர். கொழும்பு தனக்குக் கையளிக்கப்படும் என்று காத்திருந்த இராஜசிங்கனுக்கு முன்னால் ஒல்லாந்தர் கோட்டைக் கதவைச் சாத்தினர். 'இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கியதுபோல' என்ற சிங்களப் பழமொழி இதைக் குறித்தே எழுந்தது என்பார்கள்.

ஒல்லாந்தர் கணக்குப் பார்க்கும் வணிகர். நகரையும் கணக்காகவே வகுத்தனர். மதிலுக்குள் கொம்பனியின் நிர்வாகம். அதற்கு வெளியே குடியிருப்பு. பேட்டை என்ற தமிழ்ச் சொல்லே பின்னர் ஆங்கிலேயர் வாயில் பெட்டா ஆயிற்று. ஆங்கிலப் பலகையில் 'பெட்டா' என்று படித்து, அது ஏதோ ஐரோப்பியச் சொல் என்று எண்ணும் நம்மவர்கள் இருக்கிறார்கள். நம்முடைய சொல்லே வேடம் மாற்றி நம்மிடம் திரும்பி வந்திருக்கிறது. கோட்டைக்குத் தெற்கே திறந்தவெளியாக விடப்பட்ட நிலம், பகைவர் வந்தால் பீரங்கி சுடுவதற்குத் தடையின்றி இருக்கவேண்டும் என்பதற்காக விடப்பட்டது. காலிமுகத்திடலின் பிறவிப் பயன் காற்று வாங்குவது அன்று. பேறை வாவியின் நீரும் கோட்டைக்கு அரணாகவே தேக்கப்பட்டது. அந்த வாவியோரத்தில் கொம்பனி தன் அடிமைகளை இரவில் அடைத்துவைத்தது. ஆங்கிலத்தில் அவ்விடம் அண்மைக்காலம் வரை 'அடிமைத் தீவு' என்ற பொருளிலேயே வழங்கியது. தமிழிலும் சிங்களத்திலும் அது கொம்பனித்தெரு. அடிமைகளை நினைவில் வைத்தது ஒரு மொழி. எசமானனை நினைவில் வைத்தவை மற்றைய இரண்டும். இப்போது அரசாங்கம் மூன்று மொழிகளிலும் எசமானனின் பெயரையே வைத்துக்கொள்ளத் தீர்மானித்திருக்கிறது. அவமானகரமான சொல்லை நீக்குவது நல்லதுதான். ஆனால் அங்கே அடைபட்டுக் கிடந்தவர்களின் ஒரே நினைவுச்சின்னமும் அதனுடன் போய்விட்டது.

ஒல்லாந்தர் விட்டுச்சென்றவற்றுள் பார்க்கத்தக்கது 1757 இல் கட்டி முடிக்கப்பட்ட வுல்ஃபெண்டால் தேவாலயம். புறக்கோட்டைச் சந்தடிக்கு மேலே ஒரு மேட்டில், சிலுவை வடிவில், தடித்த சுவர்களுடன் நிற்கிறது. கோட்டைக்குள் புதைக்கப்பட்டிருந்த ஒல்லாந்த ஆளுநர்களின் எச்சங்களை 1813 இல் தீவட்டி வெளிச்சத்தில் ஊர்வலமாக எடுத்துவந்து இங்கே அடக்கம் செய்தார்கள். ஆளுநர் ஃபால்க் காலத்தில், 1769 இல், மருதானைப் பக்கத்தில் கறுவாவைத் தோட்டமாகப் பயிரிடத் தொடங்கினார்கள். கறுவாத்தோட்டம் என்ற பெயர் அவ்வழி வந்ததே. கறுவா போய்விட்டது, செல்வந்தர் வீடுகளும் தூதரகங்களும் முளைத்துவிட்டன.

1796 பெப்ரவரியில் ஆங்கிலேயர் கொழும்பை ஏறக்குறைய சண்டையின்றியே பெற்றுக்கொண்டனர். 1815 இல் கண்டி வீழ்ந்த பின்னரே கொழும்பு முழுத் தீவினதும் தலைநகரமாயிற்று. கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் இங்கே கொண்டுவரப்பட்டு, 1816 இல் வேலூருக்கு நாடுகடத்தப்பட்டான். கோட்டையில் உயர்ந்த கட்டடம் ஒன்றின் பின்புறத்தில் மன்னன் அடைக்கப்பட்ட கூடு என்று ஒரு சிறு குவிமாடக் கட்டடத்தைக் காட்டுகிறார்கள். உண்மையில் மன்னன் ஒரு வீட்டில்தான் தங்கவைக்கப்பட்டான். உல்லாசப் பயணிகளுக்குச் சிறைக்கூடுதான் சுவை.

ஆங்கிலேயர் காலக் கொழும்பின் சின்னம் எது என்று கேட்டால் மணிக்கூட்டுக் கோபுரத்தையே சொல்வேன். அதன் கடிகாரம் 1814 இல் இலண்டனில் வாங்கப்பட்டது. சிக்கனம் கருதி அதைப் பொருத்தாமல் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் களஞ்சியத்தில் போட்டுவைத்தார்கள். ஆளுநர் ஹென்றி வார்டின் மனைவி வரைந்த திட்டப்படி 1857 இல் கோபுரம் எழுந்தது. பத்து ஆண்டுகளின் பின், அதன் உச்சியில் விளக்கு ஏற்றி வெளிச்சவீடாகவும் ஆக்கினார்கள். ஒரே கம்பத்தில் தெருவில் போகிறவருக்கு நேரம், கடலில் வருகிறவருக்கு வழி! சுற்றிலும் கட்டடங்கள் உயர்ந்து ஒளியை மறைத்துவிட்டபடியால் 1952 இல் விளக்கு ஓய்வு பெற்றது.

அதே வார்ட்தான் காலிமுகத்திடலை 1859 இல் பொதுமக்களின் உலாவுமிடமாக ஒழுங்குபடுத்தி, கொழும்பின் பெண்கள், பிள்ளைகளின் நலன் கருதி இதனைப் பேணவேண்டும் என்று தமக்குப் பின்வருவோருக்குக் கல்லில் எழுதிவைத்தார்.

சுயஸ் கால்வாய் 1869 இல் திறக்கப்பட்டதும், கோப்பி உற்பத்தியும் 1865 இல் தொடங்கிய புகையிரதமும் சேர்ந்து கொழும்பின் தலையெழுத்தை மாற்றின. அதுவரை காலித் துறைமுகமே பெரியது. 1875 இல் கொழும்பு அலைதாங்கிக்கு வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். பத்து ஆண்டுகளில் அது முடிந்தது. காலி படுத்துவிட்டது. போர்க்கால மதில் இனித் தேவையில்லை, வணிகத்துக்கு இடம் வேண்டும் என்ற கணக்கிலேயே கோட்டை மதிலும் இடிபட்டது.

இந்த வளர்ச்சியை ஆங்கிலேயர் செய்தார்கள் என்று எழுதுவது வழக்கம். செய்வித்தார்கள் என்று எழுதுவதே சரி. 1877 இல் திறக்கப்பட்ட தேசிய நூதனசாலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுநர் வில்லியம் கிறெகறியின் சிலை முன்னால் நிற்கிறது. வரைந்தவர் ஜேம்ஸ் ஸ்மிதர். கட்டி முடித்தவர் வாப்பிச்சி மரைக்கார் என்ற முஸ்லிம் ஒப்பந்தகாரர். புறக்கோட்டைப் பழைய நகர மண்டபமும் அவர் கட்டியதே. நூதனசாலைத் திறப்பு விழாவில் என்ன கைம்மாறு வேண்டும் என்று ஆளுநர் கேட்டபோது, வெள்ளிக்கிழமைகளில் இதனை மூடிவைத்தால் போதும் என்று அவர் கேட்டுக்கொண்டாராம். செவிவழிக் கதை, எனினும் நெடுங்காலம் வெள்ளிக்கிழமைகளில் அது மூடியே இருந்தது.

கொச்சிக்கடையில் பொன்னம்பல முதலியார் 1857 இல் கட்டிய பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலை, அவருடைய மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் முழுவதும் கருங்கல்லாலேயே திருப்பிக் கட்டினார். அக்கோயிலிலிருந்து நடக்கும் தூரத்தில் புனித அந்தோனியார் ஆலயம். செட்டியார் தெருவில் கதிரேசன் கோயில்கள். இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாகச் செங்கல் அடுக்கிய பள்ளிவாசல். அது 1909 இல் முடிவுற்றது. இவற்றையெல்லாம் அரை மணி நேர நடையில் பார்த்துவிடலாம். அந்தோனியார் ஆலயத்தில் நேர்த்தி வைப்பவர்களில் கிறிஸ்தவர் அல்லாதோர் ஏராளம். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று, அந்த ஆலயத்துக்குள்ளேயே குண்டு வெடித்தது. அன்றைய தாக்குதல்களில் நாடளாவிய ரீதியில் 250 க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

நூதனசாலைக்குள் இருக்கும் ஒரு கல்லைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 1911 இல் காலியில் ஒரு மதகின் மூடியாகக் கிடந்து கண்டெடுக்கப்பட்டது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்த, 1409 ஆம் ஆண்டுத் திகதியிட்ட கல்வெட்டு அது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் பொறிக்கப்பட்டிருக்கிறது. சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது. பாரசீகப் பகுதி அல்லாஹ்வைப் போற்றுகிறது. தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனாரைப் போற்றுகிறது. காணிக்கைப் பட்டியல் மூன்றிலும் ஏறத்தாழ ஒன்றே. தெற்குக் கரையில் மக்களுக்கு அறிவிக்கவேண்டிய மொழிகளில் ஒன்று தமிழ் என்பது ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்னர் சீனப் பேரரசுக்குத் தெரிந்திருந்தது.

அது கொழும்பில் கூடிய சட்டமன்றத்துக்கு 1956 இல் தெரியவில்லை. கடலைப் பார்த்து நிற்கும் பழைய பாராளுமன்றக் கட்டடம் 1930 இல் திறக்கப்பட்டது. அங்கே 1956 ஜூன் 5 ஆம் திகதி தனிச் சிங்களச் சட்டமூலம் சமர்ப்பிக்கப்பட்டபோது, எதிரே காலிமுகத்திடலில் செல்வநாயகம் தலைமையில் தமிழரசுக் கட்சியினர் சத்தியாக்கிரகம் இருந்தனர். காடையர் கும்பல் அவர்களைத் தாக்கியது. சிலரைத் தூக்கிப் பேறை வாவியில் வீசினார்கள். பொலிஸார் பார்த்துக்கொண்டிருந்தனர். அமிர்தலிங்கம் தலையில் கட்டுடன் சபைக்குள் சென்றார். பீரங்கி சுடுவதற்காக விடப்பட்ட வெளியும், அரணுக்காகத் தேக்கப்பட்ட நீரும் அன்று அந்தப் பழைய வேலையையே வேறொரு விதத்தில் செய்தன.

1982 ஏப்ரலில் பாராளுமன்றம் கோட்டேக்கு, தியவன்னா ஓயாவின் நடுவே ஜெஃப்ரி பாவா வடிவமைத்த புதிய கட்டடத்துக்குச் சென்றது. ஸ்ரீ ஜயவர்த்தனபுர கோட்டே சட்டப்படி நிர்வாகத் தலைநகராயிற்று. பழைய பெயர்தான், ஆயினும் அப்போதைய ஜனாதிபதியின் பெயரும் ஜயவர்த்தன என்பது பலருக்குப் புன்னகையை வரவழைத்தது. பரீட்சையில் 'இலங்கையின் தலைநகர் யாது?' என்ற கேள்விக்குப் பிள்ளைகள் இன்றும் தடுமாறுகிறார்கள். ஜனாதிபதி மாளிகையும் மத்திய வங்கியும் உயர் நீதிமன்றமும் கொழும்பிலேயே இருக்கின்றன.

மறு ஆண்டு, 1983 ஜூலை 24 இரவு, பொரளைக் கனத்தை மயானத்தில் தொடங்கிய வன்முறை அடுத்த நாள் நகரெங்கும் பரவியது. புறக்கோட்டையில் தமிழரின் கடைகள் வரிசையாக எரிந்தன. வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் வீடுகள் எரிந்தன. வெலிக்கடைச் சிறைக்குள் இரு நாட்களில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். செட்டியார் தெருவிலிருந்து புறப்படும் ஆடிவேல் தேர், அதன் பின் சில ஆண்டுகள் வீதிக்கு வரவில்லை. போர் தலைநகரைச் சுற்றியபோது அதன் குண்டுகளும் இங்கே வந்தன. 1996 ஜனவரி 31 இல் மத்திய வங்கியின் வாசலில் விடுதலைப் புலிகளின் வெடிமருந்து லொறி வெடித்ததில் தொண்ணூறு பேர் வரை மாண்டனர். மாண்டவர்களில் எல்லா இனத்தவரும் இருந்தனர். பக்கத்தில் இருந்த, ஒல்லாந்தர் காலத்து வைத்தியசாலைக் கட்டடமும் சேதமுற்றது. பிற்பாடு அதைத் திருத்தி 2011 இல் உணவகங்களும் கடைகளும் கொண்ட இடமாக்கினார்கள்.

2007 ஜூன் 7 அதிகாலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பகுதி லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர் 300 க்கும் மேற்பட்டோரைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பினர். கொழும்பில் தங்குவதற்குத் தக்க காரணம் அவர்களிடம் இல்லை என்பதே சொல்லப்பட்ட நியாயம். வெளிநாடு செல்லக் கடவுச்சீட்டுக்கு வந்தவர்கள், வைத்தியத்துக்கு வந்தவர்கள், வேலை தேடி வந்தவர்கள் அதில் இருந்தார்கள். தலைநகருக்கு வருவதற்கு இவற்றைவிட வேறென்ன காரணம் இருக்கமுடியும்? மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அந்த உத்தரவு ஹல்ஃப்ற் தளபதியின் மேட்டிலிருந்து வந்தது. 2001, 2012 ஆம் ஆண்டுகளின் குடிசன மதிப்பீடுகளின்படி, மாநகர எல்லைக்குள் எந்த ஓர் இனத்தவரும் மொத்தச் சனத்தொகையில் அரைவாசியைத் தொடவில்லை என்பதையும் இங்கே குறித்துவைக்கிறேன்.

இப்போது பேறை வாவியோரத்தில் 350 மீற்றர் உயரத் தாமரைக் கோபுரம் நிற்கிறது. காலிமுகத்திடலுக்கு அப்பால், கடலை நிரப்பி 269 ஹெக்டேயரில் சீனக் கம்பனி துறைமுக நகரத்தை எழுப்புகிறது. செங் ஹேயின் கல் நூதனசாலையில் இருக்க, அவருடைய நாட்டவர் இம்முறை நிலத்தையே கொண்டுவந்திருக்கிறார்கள்.

2022 ஏப்ரல் 9 முதல் காலிமுகத்திடலில் கூடாரம் அடித்த இளைஞர்கள் ஜனாதிபதி பதவி விலகவேண்டும் என்று கோரினர். பழைய பாராளுமன்றம் அப்போது ஜனாதிபதி செயலகம். அவ்வாண்டு மே 18 ஆம் திகதி அந்தக் கூடாரங்களுக்கு நடுவே முள்ளிவாய்க்காலில் மாண்டவர்களுக்கு விளக்கேற்றினார்கள். கஞ்சி காய்ச்சிப் பகிர்ந்தார்கள். சிங்கள இளைஞர்களும் பௌத்த, கிறிஸ்தவ மதகுருமாரும் அதில் நின்றனர். 1956 இல் செல்வநாயகம் அமர்ந்திருந்ததும் இதே திடலில்தான். எல்லோரும் மனம் மாறிவிட்டார்கள் என்று எழுதும் அளவுக்கு நான் இளைஞன் அல்லன். அந்நிகழ்வை ஏசியவர்களும் இருந்தார்கள். ஜூலை 9 ஆம் திகதி மக்கள் கடல் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தது. 13 ஆம் திகதி பாராளுமன்றத்தை நோக்கிச் சென்றவர்கள் பொல்துவைச் சந்தியில் படையினரால் தடுக்கப்பட்டனர். யாழ்ப்பாணத்துப் படையைத் தடுக்க அழகக்கோனார் தேர்ந்தெடுத்த சதுப்பும் நீரும் அங்கிருந்து பார்த்தால் தெரியும். ஜூலை 22 அதிகாலையில் படையினர் காலிமுகத்திடலுக்கு வந்து கூடாரங்களை அகற்றத் தொடங்கினர். ஆகஸ்டில் எஞ்சியவையும் அகற்றப்பட்டன.